பார்க்காமல் நீட்டிய கை

ஜூன் 9

என் அருமைப் பஞ்சுவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மகள் வீட்டில் ஒன்பதாவது மாடியில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறவளுக்கு என்ன குறை? குறையெல்லாம் இங்கே எனக்குத்தான். போனில் பேசலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் உனக்கு அழுகை வருகிறது, நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் நீ சொன்னபடி எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிக்காமல் படி.

நம் இரத்தம் எடுக்கும் அறை அப்படியே இருக்கிறது. இரண்டு நாற்காலி, முன்னால் நீள மேசை, உன் பக்கத்தில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் அந்த மஞ்சள் டப்பா. இத்தனை வருடம் கூட இருந்தவள் போன பிறகும் ஒரு அறை மாறாமல் இருக்கிறதென்றால் அதற்கு வெட்கமே இல்லை. காலையில் வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அந்த மெத்துனு குத்துற அம்மா இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் முகம் தொங்கிவிடுகிறது. உனக்குப் பஞ்சு என்றும் எனக்குக் குண்டூசி என்றும் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் என் கையில் ஒருநாள் சிக்காமலா போவான்.

ஒன்று சொல்கிறேன். என் வலது கை இன்னும் உன்னைத் தேடுகிறது. நரம்பிலிருந்து ஊசியை உருவியதும் இடது கை பஞ்சை வைத்து அழுத்துகிறது. கண் நோயாளியின் முகத்தைவிட்டு நகர்வதில்லை, "என்னையே பாருங்க, இதோ முடிஞ்சுது" என்று வாய் சொல்கிறது. வலது கை மட்டும் ஊசியோடு தானாக உன் பக்கம் நீள்கிறது. நீ டப்பாவைத் தூக்கி அதற்குக் கீழே காட்டுவாய். டொக்கென்று விழும். ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை, ஒருநாளும் நீ தவறவிட்டதில்லை. மற்ற அறைக்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வந்து நிற்பார்களே. இப்போது கை நீண்டு அந்தரத்தில் நிற்கிறது. நேற்று அப்படியே நின்றேன். "இன்னொரு தடவை குத்தணுமாம்மா?" என்று நோயாளி பயந்து கேட்ட பிறகுதான் நினைவு வந்து, எட்டி டப்பாவில் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், சொட்டுகிற குழாய். குழாயைச் சரிசெய்ய ஆள் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன், அதுவாவது பேசட்டும்.

உன் பல் வலி எப்படி இருக்கிறது? கிளம்புகிற வரைக்கும் பல் டாக்டர், பல் டாக்டர் என்று ஓடிக்கொண்டிருந்தாயே. நான் கொடுத்த கிராம்புத் தைலத்தைத் தடவுகிறாயா, அலமாரியில் தூங்குகிறதா?

உடனே பதில் போடு.

உன்
குண்டூசி


ஜூன் 27

என் குண்டூசிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி இரண்டு தடவை படித்தேன். மகள், "யாரும்மா, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காற்று வாங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள், குழந்தைக்கு ஆகாதாம். மகளும் மாப்பிள்ளையும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் களைத்து வருகிறவர்களிடம் என்ன பேச? பேரன் தூங்கிவிட்டால் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் மாடியில் நிற்குமா என்று பார்ப்பேன். நிற்காது.

போன வாரம் பேரனுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனோம். நர்ஸ் தொடையில் குத்திவிட்டு ஊசியை உருவினாள் பார், என் இடது கை தானாக எழுந்து, மடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் தூக்கி நீட்டிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய், "அம்மா, கையை எடுங்க, குத்திடப் போகுது" என்று அதட்டினாள். அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே தனி டப்பா இருந்தது. யார் உதவியும் இல்லாமல் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பல் இப்போது தேவலை. தைலம் பத்திரமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. ஒருத்திக்காக எதற்குச் சமைப்பது என்று பட்டினி கிடக்காதே.

உன்
பஞ்சு


ஜூலை 18

பஞ்சு,

உன் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டாள்.

முப்பது முப்பத்திரண்டு இருக்கும். தற்காலிக வேலை, வருடக் கடைசியில் நிரந்தரம் செய்வார்களா மாட்டார்களா என்று தெரியும். பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை ஒன்று இருக்கிறதாம். வந்த அன்றைக்கே, "ரெண்டு பேருக்கு எப்படிக்கா ஒரே டப்பா?" என்று கேட்டாள். அப்படித்தான் கொடுப்பார்கள் என்றேன். நேரே கீழே ஸ்டோருக்குப் போய், நமக்கு இத்தனை வருடமாகக் கையை விரித்த அந்த மனிதனிடம் நின்று வாதாடி, இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு டப்பாக்காரி என்று பெயர். வைத்தது நான்தான்.

தனக்கு ஒன்றை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். மற்றதை என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே போட வேண்டுமாம், முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட வேண்டுமாம், உருவிய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாதாம், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகவே கூடாதாம். எல்லாம் நமக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். நான் என்ன நேற்று வந்த கத்துக்குட்டியா? அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் டப்பாவை எடுத்துப் பின்னால் அலமாரித் தட்டில் வைத்துவிட்டேன். அந்த இடம் உன்னுடையது. அங்கே வேறெதுவும் இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் அவள் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள், நான் திரும்ப எடுத்தேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். ஆனால் பேச்சே கிடையாது. நீ இருந்தால் மதியத்துக்குள் எத்தனை பேரின் தலையை உருட்டியிருப்போம்.

குண்டூசி


ஆகஸ்ட் 2

அன்புக் குண்டூசிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், பேரனுக்குச் சளி, தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறான்.

டப்பா அலமாரியில் இருந்தால், உருவிய ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நடக்கிறாயா? வேண்டாம் தாயே. அவள் வைத்த இடத்திலேயே வைத்துக்கொள். அந்த இடம் என்னுடையது என்றால் நான்தான் சொல்கிறேன், வைத்துக்கொள். அவள் பக்கம் கை நீளாமல் பார்த்துக்கொள். அவள் நான் இல்லை.

இதற்காக என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

பஞ்சு


ஆகஸ்ட் 12

பஞ்சு,

நீ வாய் வைத்தது பலித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, கூட்டம் கதவு வரைக்கும். ஊசி என்றாலே மயக்கம் போடுகிற ஒரு மனிதர் என் நாற்காலியில் இருந்தார். அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இரத்தம் எடுத்துவிட்டேன். உருவினேன், பஞ்சை அழுத்தினேன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து டப்பாக்காரி, கீழே விழுந்த ரப்பர் பட்டையை எடுக்க இரண்டு நாற்காலிக்கும் நடுவில் குனிந்திருக்கிறாள். நிமிர்ந்து மேசைமேல் கையை ஊன்றினாள். புறங்கையில் என் ஊசி இறங்கியது.

அவள் கத்தவில்லை. "அவரை அனுப்பிடுங்கக்கா, பேர் விவரம் மட்டும் எடுத்து வைங்க" என்றாள். கையுறையைக் கழற்றி, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினாள். அழுத்தவில்லை, பிழியவில்லை. பிறகு தானே நம் சூப்பர்வைசர் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, மிச்சமிருந்த கூட்டத்துக்கு இரத்தம் எடுத்தாள்.

அந்த மனிதரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கல்லீரலைத் தின்கிற அந்தக் கிருமி இருக்கிறது, தடுப்பூசி இல்லாத வகை. தொற்றுவது அபூர்வம், தொற்றினாலும் மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனாலும் ஆறு வாரத்தில் ஒரு சோதனை, ஆறு மாதத்தில் ஒரு சோதனை என்று காத்திருக்க வேண்டும். வீட்டில் நகவெட்டியைக்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை, துப்புரவு செய்கிற அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மேடம் விசாரித்தார். அவள் குறுக்கே வந்துவிட்டாள் என்று சொன்னேன். வந்தாள்தானே? அவளோ ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "அக்கா என் பக்கம் பார்க்கவே இல்ல." பார்க்காமல் போடுவதுதான் என் வழக்கம் என்று இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும், இவளுக்கு மட்டும் தெரியாதா? இத்தனை வருடத்தில் ஒரு குத்துக்கூட இல்லாத அறை என்று மேடமே என் பக்கம் பேசினார். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதப்போகிறார்கள். எழுதினால் வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். மேடத்துக்கு ஒரு கடிதம் போடு. நாம் இரண்டு பேரும் இத்தனை வருடம் அப்படித்தான் வேலை செய்தோம், ஒருநாளும் குண்டூசியின் ஊசி யார்மேலும் பட்டதில்லை என்று நாலு வரி. உன் வார்த்தைக்கு இங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. இது முடிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன்
குண்டூசி


ஆகஸ்ட் 30

என் குண்டூசிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடிந்தவரை இருந்து பார்த்தேன்.

நீ கேட்ட நாலு வரியை என்னால் எழுத முடியாது. அது உண்மை இல்லை. உன் ஊசி என்மேல் பட்டிருக்கிறது, இரண்டு தடவை.

முதல் தடவை நடந்து ரொம்ப வருடம் ஆகிறது. நீ காய்ச்சலோடு வேலைக்கு வந்த அன்று, நான் டப்பாவைத் தூக்க ஒரு நொடி பிந்திவிட்டேன். கட்டைவிரலுக்குக் கீழே குத்தியது. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். உனக்கு டீயும் வாங்கி வந்தேன்.

இரண்டாவது போன நவம்பரில். டப்பா கழுத்து வரை நிறைந்திருந்தது. ஸ்டோரில் வேறு தரவில்லை, நாமும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். நீ போட்ட ஊசி உள்ளே போகாமல் சறுக்கி என் விரலில் ஏறியது. நீ அப்போது நோயாளியிடம் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் சிரித்தார், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். கையுறைக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் அறிக்கை எழுதுவார்கள், நாற்காலிகளைப் பிரிப்பார்கள், என்னை மேல்மாடி வார்டில் போடுவார்கள். அங்கே உன் பேச்சுக் கேட்காது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு எனக்கு இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அதனால் பல் டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், யாரோ ஒருத்தியாக வரிசையில் நின்றேன். அங்கே இரத்தம் எடுத்த பெண், "பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். எனக்குச் சொல்கிறாள் பார். கடைசிச் சோதனை மே மாதம். ஒன்றுமில்லை என்று வந்தது. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் நவம்பருக்குப் பிறகு என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நீ ஊசியை நீட்டும்போதெல்லாம் நடுங்கும். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் டப்பாவைத் தூக்குவேன். நீ திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன்னிடம், இனிமேல் என் பக்கம் கையை நீட்டாதே என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு வருவேன். அது உன் பெருமை, எப்படிச் சொல்வது? கடைசியில், அதைச் சொல்வதைவிட ஊரைவிட்டுப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது. மகள் கூப்பிட்டாள் என்று சொன்னேன் இல்லையா, அவள் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று நான்தான் கேட்டேன்.

தடுப்பூசி அன்று எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். பிறகு வராந்தாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுதவில்லை.

அந்தப் பெண்மேல் பழி விழ விடாதே. அவள் கழுவிவிட்டு நேரே போய்ச் சொன்னாள். நான் செய்யாததைச் செய்திருக்கிறாள். என் பெயரைச் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லிக்கொள்.

உன்
பஞ்சு


செப்டம்பர் 8

பஞ்சு,

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் வைத்த டப்பாவை எடுத்து ஒளித்தது நான், பார்க்காமல் கை நீட்டியது நான், முன்பு சொன்னது பொய் என்று சொன்னேன். நம்பவில்லை. இந்த அறையில் குத்து இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல் கழுவிக்கொண்டோம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். யாருக்கு என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். டப்பாக்காரிமேல் எழுதியதை அடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி. உனக்கு வருகிறேன்.

ஆறு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து செத்துப் பிழைத்திருக்கிறாய். நான் உனக்குக் கிராம்புத் தைலம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என்னை என்னவென்று நினைத்தாய்? ஒரு வார்த்தை சொன்னால் கடித்துக் குதறிவிடுவேன் என்றா? நீ போன அன்று இரவு முழுக்க, நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை, மகள் கூப்பிட்டாள், போயிருக்கிறாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலையும் பிடுங்கிக்கொண்டாய்.

இனி எனக்கு எழுதாதே.

குண்டூசி


பிப்ரவரி 20

என் பஞ்சுவுக்கு,

நான் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் கேட்கிறவள் நீ. இதையும் கேட்டுவிட்டாய். எழுதாதே என்றால் ஒரு மாதம் எழுதாமல் இருப்பாய், பிறகு மனசு கேட்காமல் ஒரு அட்டையாவது போடுவாய் என்று நினைத்தேன். தீபோல எழுதியது நான், எரிந்தது என் வீடு. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

முதலில் நல்ல செய்தி. டப்பாக்காரியின் ஆறு மாதச் சோதனை முடிவு போன வாரம் வந்தது. ஒன்றுமில்லை. தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. என் நாற்காலியில் இருந்தவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடி காத்திருந்தார். அவளை நிரந்தரம் செய்துவிட்டார்கள். பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் மதியம் டீ வாங்கும்போது இரண்டாக வாங்குகிறாள்.

இப்போது எல்லா அறையிலும் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு டப்பா. மேடமே ஸ்டோருக்குப் போய்ச் சண்டை போட்டார். என்னுடையது என் வலது முழங்கைக்குப் பக்கத்தில், உன் இடத்தில் இருக்கிறது. கோடு வரை நிறைந்தால் மூடிவிடுகிறோம். ஊசியை உருவினால் நோயாளியின் முகத்தை விட்டுவிட்டு, ஊசியைப் பார்க்கிறேன், டப்பாவைப் பார்க்கிறேன், போடுகிறேன். பிறகுதான் மற்றதெல்லாம்.

கை சுலபத்தில் பழகவில்லை. ரொம்ப நாள் உன் பக்கம் கிளம்பும், நான் பாதியில் நிறுத்துவேன். டிசம்பரில் ஒருநாள் கிளம்பவே இல்லை. தானாகப் பக்கத்து டப்பாவுக்குப் போனது, டொக்கென்று விழுந்தது. நல்லதுதான். ஆனால் அன்றைக்குத்தான் நீ இந்த அறையைவிட்டு நிஜமாகவே போன மாதிரி இருந்தது. கழிவறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். கையாவது உன்னை நினைத்துக்கொண்டிருந்தது, அதையும் நானே பழக்கிக் கெடுத்துவிட்டேன்.

"அக்கா என் பக்கம் பார்க்கவே இல்ல" என்று அவள் சொன்னாளே, அப்போது எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். இப்போது அது ராத்திரி பகல் என்று காதில் கேட்கிறது. எத்தனை ஆயிரம் பேரின் முகத்தைப் பார்த்திருப்பேன். யாருக்கு மயக்கம் வரும், யாருக்கு அழுகை வரும் என்று பார்த்த உடனே சொல்வேன். பக்கத்தில் ஒருத்தி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாள். திரும்பினால் தெரிந்திருக்கும். நீ சொல்லாமல் போனதற்காக உன்னைத் திட்டினேன். நான் கழுத்தைத் திருப்பாமல் இருந்ததற்கு யார் என்னைத் திட்டுவது? நீ திட்டமாட்டாய், உனக்கு அது வராது.

திரும்பி வா என்று கேட்கவில்லை. உனக்குப் பேரன் இருக்கிறான், இந்நேரம் நடக்க ஆரம்பித்திருப்பான். பதில் போடு என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

போன கடிதத்தில் முழுக்க என்னைப் பற்றித்தான் புலம்பியிருக்கிறேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்த நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டியது, பக்கத்திலேயே இருந்தபோது.

உன் கை இப்போது எப்படி இருக்கிறது, பஞ்சு? இன்னும் நடுங்குகிறதா?

உன்
குண்டூசி